அக்கரை இல்லாத பாலம்



அழைப்பிதழில் என் உரைக்கு ‘வரலாற்றுச் சிறப்புமிக்க பொழுதுபோக்கு இடங்களின் மறுசீரமைப்பில் ஊர்மக்களின் பங்கேற்பு’ என்று தலைப்பு அச்சாகியிருக்கிறது. தலைப்பை எழுதிக் கொடுத்தவன் நான்தான். இன்று காலை எடுத்துப் படித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. அதனால் அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு பாலத்தின் கதையைச் சொல்லப்போகிறேன். அந்தப் பாலத்துக்கு அக்கரை கிடையாது. கரையில் ஏறி, கடலுக்குள் 910 அடி நடந்து, முனையில் நின்று காற்று வாங்கிவிட்டு, ஏறிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். போய்ச் சேருவதற்கு ஓர் இடமும் இல்லாத ஒரு பாலத்துக்காக ஓர் ஊர் ஏறக்குறைய பத்து வருடம் போராடியது. ஜெயித்தது. பிறகு தோற்றது. ஜெயித்த விதத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தோற்ற விதம்தான் முக்கியம்.

ஊர், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹேஸ்டிங்ஸ். 1066-ஆம் ஆண்டுப் போரைப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பெயர் ஞாபகம் இருக்கும். போர் நடந்தது ஊருக்குச் சில மைல் தள்ளி. பெயர் மட்டும் இந்த ஊருக்கு ஒட்டிக்கொண்டது. நம் கடற்கரைக்காரர்கள் அங்கே போனால் அந்நியமாக உணரமாட்டார்கள் என்று நினைக்கிறேன். துறைமுகம் கிடையாது. மீன்பிடிப் படகுகளைக் கூழாங்கல் கரையிலேயே இழுத்து ஏற்றி, கரையிலிருந்தே கடலில் தள்ளுகிறார்கள். வலைகளை உலர்த்தி வைக்கத் தார் பூசிய கறுப்பு மர அறைகள், ஆள் உயரத்துக்குப் பல மடங்கு உயரமாக, ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்.

அதே கடற்கரையில் மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் நான் சொன்ன பாலம் வரும். அங்கே இதை ‘பியர்’ என்பார்கள். சொல்தான் நமக்குப் புதிது. புதுச்சேரியில் 1866-இல் பிரெஞ்சுக்காரர்கள் கடலுக்குள் இரும்புப் பாலம் போட்டார்கள். 1952-ஆம் ஆண்டுப் புயல் அதைக் கொண்டுபோனது. மிஞ்சிய தூண்களை இன்றும் கடற்கரைச் சாலையில் நின்று பார்க்கலாம். சென்னையிலும் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், 1860களின் தொடக்கத்தில் ஓர் இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டது. அதன் தூண்கள் நட்டவை அல்ல, கடலடி மணலுக்குள் திருகாணிபோல முறுக்கி இறக்கியவை. இந்தத் திருகுத் தூணைக் கண்டுபிடித்து 1833-இல் காப்புரிமை பெற்றவர் அயர்லாந்தைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் மிட்செல். அவருக்குக் கண்பார்வை இல்லை. பொறியியல் மாணவர்கள் இருக்கும் அவை என்பதால் இதைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை.

நம் கரையில் அந்த இரும்பு சரக்கு இறக்கியது. அவர்கள் ஊரில் அதே இரும்பை உல்லாசத்துக்குத் திருப்பினார்கள். ரயில் வந்து லண்டன் தொழிலாளியைக் கடற்கரையில் கொண்டு இறக்கியது. 1871-இல் வந்த சட்டம் அவனுக்குச் சில விடுமுறை நாட்களைக் கொடுத்தது. வந்தவனுக்குக் கால் நனையாமல் கடல்மேல் நடக்க ஓர் இடம் வேண்டும். இப்படிப் பாலம் கட்டுவதையே தொழிலாகக் கொண்ட யூஜினியஸ் பர்ச் என்ற பொறியாளர் ஹேஸ்டிங்ஸ் பாலத்தையும் வடிவமைத்தார். 1872 ஆகஸ்ட் 5, விடுமுறைத் திங்கட்கிழமையன்று திறந்தார்கள். முனையில் 2,000 பேர் உட்காரக்கூடிய அரங்கம். அது 1917-இல் எரிந்தது. மறுபடி கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் மூடினார்கள், போர் முடிந்ததும் திறந்தார்கள். 1960களில் ரோலிங் ஸ்டோன்ஸும் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் அங்கே வாசித்தார்கள். பிங்க் ஃபிலாய்ட் குழுவோடு சிட் பாரெட் கடைசியாக மேடையேறியது 1968 ஜனவரியில் அந்தப் பாலத்தில்தான்.

இந்தப் பெயர்களைச் சுற்றுலாக் கையேடு சொல்லும். ஊர்க்காரர்களைக் கேட்டால் வேறு பட்டியல் வரும். அப்பா தூண்டில் போட்ட இடம், நடனக் கூடத்தில் மனைவியை முதலில் பார்த்த இடம், பள்ளி விட்டதும் சில்லறை போட்டு விளையாடிய இயந்திரம், மழைக்கு ஒதுங்கிய தகரக் கூரை. இதில் ஒரு விஷயத்தை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோவிலுக்குத் தலபுராணம் இருக்கிறது, கோட்டைக்குக் கல்வெட்டு இருக்கிறது. பொழுதுபோக்கு இடத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஒரு பூங்காவுக்கோ, குளக்கரைக்கோ, பொருட்காட்சித் திடலுக்கோ என்ன வரலாறு என்று கேட்டால், அங்கே போய் சும்மா இருந்தவர்களின் ஞாபகம்தான் வரலாறு. தொல்லியல் அறிஞர் ஒருவரை அழைத்து வந்து கோட்டையைப் புதுப்பித்துவிட முடியும். இங்கே அவரும் ஊர்க்காரரிடம்தான் கேட்டாக வேண்டும். ஊர்மக்களைக் கலந்து பேசுவதை ஒரு மரியாதைக்காகச் செய்யும் சடங்கு என்று நம் அலுவலகங்கள் நினைக்கின்றன. வேலைக்கு வேண்டிய ஆவணமே அவர்களிடம்தான் இருக்கிறது.

ஸ்பெயினுக்கு மலிவு விலையில் விமானச் சுற்றுலா கிடைக்கத் தொடங்கியதும் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்கள் வற்றத் தொடங்கின. ஹேஸ்டிங்ஸ் பாலம் 1976-இல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏறினால் அனுமதி இல்லாமல் இடிக்க முடியாது. ஆனால் துரு பட்டியலைப் படிப்பதில்லை. பாலம் கை மாறிக் கை மாறி, கடைசியில் பனாமாவில் பதிவான ஒரு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. 2006-இல் தூண்கள் பத்திரமாக இல்லை என்று நகராட்சி மூடியது. பழுது பார், இல்லையென்றால் வழக்கு என்று யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது? விலாசம் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

ஊர்க்காரர்கள் உள்ளே வந்தது இந்த இடத்தில்தான். அவர்களை யாரும் கூப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார்கள். ஊர்வலம் போனார்கள். அவர்கள் கேட்டது நிதி அல்ல; நகராட்சி தன் அதிகாரத்தைப் பயன்படுத்திப் பாலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தித் தங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்றார்கள். ‘கையகப்படுத்தல்’ என்றால் நமக்கு நெஞ்சு பதறும். ஊர்க்காரரிடமிருந்து அரசு எடுப்பதைத்தான் அந்தச் சொல் நமக்குச் சொல்லிப் பழகியிருக்கிறது. அதே சட்டத்தைத் திருப்பிப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத உரிமையாளரிடமிருந்து எடுத்து ஊரிடம் கொடு என்று கேட்கலாம் என்பது எனக்கு அங்கே கிடைத்த முதல் பாடம்.

நகராட்சிக்குத் தயக்கம். எடுத்தால் செலவும் பொறுப்பும் தன் தலையில் விழும். இழுத்துக்கொண்டே போனது. 2010 அக்டோபர் 5, விடிவதற்குமுன் பாலம் தீப்பற்றியது. மேற்கட்டுமானத்தில் 95 சதவீதம் போய்விட்டது. காலையில் கரையில் கூடி நின்றவர்களுக்குத் தெரிந்தது முறுக்கிக்கொண்ட இரும்பும் புகையும்தான். கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

நடந்தது நேர்மாறு. தீ ஒரு சங்கடத்தைத் தீர்த்து வைத்தது என்று ஒரு கட்டடக்காரனாக நான் சொல்வேன். எரிவதற்குமுன் பாலத்தில் இருந்தவை பல காலத்தில் பல கை வைத்துக் கட்டிய கூடங்கள்; எதைக் காப்பது, எதை விடுவது என்று சண்டை தீராது. எரிந்தபின் கேட்க ஒரே கேள்வி: இங்கே என்ன இருக்க வேண்டும்? பரிசுச்சீட்டு வருமானத்திலிருந்து மரபிடங்களைக் காக்க அங்கே ஒரு தேசிய நிதி இருக்கிறது. அது 1 கோடியே 14 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. 2013 ஆகஸ்டில் நகராட்சி ஒருவழியாகக் கையகப்படுத்தி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. மொத்தத் திட்டச் செலவு 1 கோடியே 42 லட்சம் பவுண்டு. நம் கணக்கில் நூறு கோடி ரூபாயைத் தாண்டும்.

மீதிப் பணத்தில் ஒரு பங்கை ஊரே போட்டது. எப்படிப் போட்டது என்பது சுவாரசியம். நன்கொடை உண்டியல் வைக்கவில்லை, பங்கு விற்றார்கள். குறைந்தது 100 பவுண்டு. நம் கூட்டுறவுச் சங்கத்தைப் போன்ற அமைப்பு: எத்தனை பங்கு வாங்கினாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. மூவாயிரத்துக்கும் அதிகமானவர்கள் வாங்கி, 5,90,000 பவுண்டு அளவுக்குச் சேர்ந்தது. திட்டச் செலவில் இது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் நன்கொடை கொடுத்தவர் ‘நல்லது நடக்கட்டும்’ என்று போய்விடுவார். பங்கு வாங்கியவர் ‘என் பாலம் எப்படி இருக்கிறது’ என்று கேட்டுக்கொண்டு வருவார். அந்த வித்தியாசத்துக்குத்தான் மதிப்பு.

இப்போது வடிவமைப்புக்கு வருகிறேன். என் தொழில் அது என்பதால் இங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போட்டியில் தேர்வானது டி.ஆர்.எம்.எம் என்ற லண்டன் கட்டடக்கலை நிறுவனம்; அதை நடத்தியவர்களில் ஒருவரான அலெக்ஸ் டி ரைக் இந்தத் திட்டத்தை முன்னின்று செய்தார். ஊர்க்காரர்களைக் கேட்டால் என்ன வேண்டும் என்பார்கள்? ஒருவருக்குச் சர்க்கஸ், ஒருவருக்குச் சந்தை, ஒருவருக்குப் பாட்டுக் கச்சேரி, இன்னொருவருக்குத் தூண்டில், இன்னொருவருக்கு ஒன்றுமே வேண்டாம், ஒரு பெஞ்சு போதும். வழக்கமான கட்டடக்காரர் என்ன செய்வார்? எல்லோருக்கும் ஆளுக்கொரு மூலை ஒதுக்கி, முனையில் கண்ணைப் பறிக்கும் ஒரு கட்டடத்தை நிறுத்தி, அதைப் படம் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்புவார். இவர்கள் முனையில் எதையும் கட்டவில்லை. பணத்தின் பெரும்பகுதியைக் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில், பர்ச் காலத்து இரும்புத் தூண்களைச் சீர்செய்வதில் போட்டார்கள். மேலே பரந்த பலகைத் தளம். நடுவில் ஒரே ஒரு வருகையாளர் மையம், அதன் கூரைமேல் ஏறி உட்காரப் படிக்கட்டு. கரையோரத்தில் தீக்குத் தப்பிய பழைய கூடத்தைப் புதுப்பித்தார்கள். அவ்வளவுதான். கச்சேரி வந்தால் கச்சேரித் திடல், சந்தை வந்தால் சந்தைத் திடல். எதுவும் வராத நாளில் வெறும் பலகையும் வானமும்.

2016 ஏப்ரலில் திறந்தார்கள். அந்தக் கோடையில் நான் போனேன். வருகையாளர் மையத்தின் சுவர்ப் பலகைகளை அருகே போய்ப் பார்த்தேன். பழைய தளத்தில் எரியாமல் மிஞ்சிய பலகைகள் அவை. சிலவற்றின் விளிம்பில் கரி. துடைத்துப் பார்த்தேன், கையில் ஒட்டவில்லை. ஒவ்வொன்றிலும் பழைய ஆணி அடித்த ஓட்டை, ஓட்டையைச் சுற்றித் துரு இறங்கிய செம்பழுப்பு வளையம். மேல்பக்கம் நடந்து நடந்து தேய்ந்து வழவழத்திருந்தது. எத்தனை தலைமுறைச் செருப்பு! தளத்தில் போட்டிருந்த மேசை நாற்காலியும் அந்தப் பழைய மரம்தான். செய்தது அந்த வட்டாரத்திலேயே பழைய மரத்தை வாங்கி மறுபடி பயன்படுத்தும் ஒரு பட்டறை. புதுப் பலகைகளுக்கு நடுவே விரற்கடை இடைவெளி விட்டிருந்தார்கள். குனிந்தால் கீழே அலை தெரிகிறது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு சிறுவன் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதே வேலையைச் செய்துகொண்டிருந்தான். அப்பா இரண்டு முறை கூப்பிட்டார். எழவில்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது, எத்தனை நேரம் வேண்டுமானாலும் படுத்திருக்கலாம்.

என் ஊரில் நடந்த ஒரு கூட்டம் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. குளக்கரைப் பூங்கா ஒன்றைச் சீரமைக்க ஓர் அலுவலகம் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தது, நானும் போயிருந்தேன். சுவரில் வண்ண வரைபடம். ஆளுக்கு நாலு வட்ட ஸ்டிக்கர் கொடுத்து, பிடித்த இடத்தில் ஒட்டச் சொன்னார்கள். செயற்கை நீரூற்றா, செல்ஃபி எடுக்கும் இடமா, திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவியா? தினமும் அந்தக் கரையில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா, “நான் எங்கேப்பா உக்கார்றது?” என்று கேட்டார். அதற்கு வரைபடத்தில் கட்டம் இல்லை. ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றவர், பிறகு அதைத் தன் பூக்கூடையில் ஒட்டிக்கொண்டு கிளம்பினார். போண்டா நன்றாக இருந்தது. டெண்டர் அதற்கு முந்தைய மாதமே விட்டாகிவிட்டது என்று பிறகு தெரிந்தது.

அதோடு ஒப்பிட்டால் ஹேஸ்டிங்ஸ் சொர்க்கம். இடத்தை மீட்டது ஊர். பணம் போட்டதில் ஊருக்குப் பங்கு. வடிவத்தில் ஊரின் குரல். இதற்குமேல் பங்கேற்பு என்று எதைச் சொல்வது? 2017 அக்டோபர் 31 அன்று பிரிட்டனின் மிக உயர்ந்த கட்டடக்கலை விருதான ஸ்டர்லிங் பரிசு அந்தப் பாலத்துக்குக் கிடைத்தது. பல கோடி கொட்டிய கட்டடங்களை ஒதுக்கி, ஒரு வெற்றுத் தளத்துக்குக் கொடுத்தார்கள். எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் கைதட்டினோம்.

ஒரு மாதத்துக்குள், நவம்பரிலேயே, பாலத்தை நடத்திய அறக்கட்டளை பணமில்லாமல் முடங்கி, திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது.

பரிசு கொடுத்த நடுவர்கள் பார்த்தது பாலத்தை. அவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. பார்ப்பது அவர்கள் வேலையும் அல்ல. உப்புக் காற்றில் இரும்பு நிற்கிறது, வருடந்தோறும் அதைச் சுரண்டிச் சாயம் அடிக்க வேண்டும், காப்பீடு கட்ட வேண்டும், காவலுக்கு ஆள் வைக்க வேண்டும். வரும்படியோ கோடையில் நடக்கும் நிகழ்ச்சிகளை நம்பி. அந்தக் கடற்காற்றில், மறைவே இல்லாத தளத்தில், நவம்பர் மாதம் யார் வந்து ஐஸ்க்ரீம் வாங்குவார்கள்? நான் புகழ்ந்து பேசினேனே, அந்த வெறுமை, அதுதான் சம்பாதிக்காமல் நின்றது. இதைச் சொல்ல எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம்: திறப்பு விழாவன்று சட்டையை மாற்றிக்கொண்டு போய் நின்று, மறுநாள் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். கட்டடத்துக்கு ஆயுள் அன்றுதான் தொடங்குகிறது.

ஆனாலும் முழுப் பழியை வெறுமையின்மேல் போட நான் தயாராக இல்லை. நிதி கொடுப்பவர்களின் வழக்கத்திலேயே ஒரு கோணல் இருக்கிறது. எழுப்புவதற்குக் கோடிக்கணக்கில் கொடுப்பார்கள், ஏனென்றால் கல்வெட்டில் பெயர் வரும். எழுப்பியதைப் பெருக்கித் துடைக்கக் காசு கேட்டால், ‘உங்கள் காலில் நில்லுங்கள்’ என்பார்கள். பிறந்து ஒன்றரை வயதான குழந்தையைப் பார்த்துச் சொல்வது போலத்தான் இது. தேசிய நிதி மேற்கொண்டு பணம் கொடுக்க மறுத்தது. தன் விதிப்படி அது செய்தது சரிதான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் இங்கே பேச வந்த விஷயம். நிர்வாகிகளின் கைக்குப் போனதும் மூவாயிரம் பேரின் வாக்கு என்ன ஆனது? பங்குப் பத்திரம் வீட்டில் இருக்கிறது. சிலர் சட்டம் போட்டுச் சுவரில்கூட மாட்டியிருப்பார்கள். ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்க உரிமை கொடுத்த காகிதம் அது. நிறுவனம் நொடித்த நாளில், விற்கலாமா, யாருக்கு விற்கலாம், என்ன நிபந்தனையோடு விற்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் சட்டப்படி நிர்வாகிகளுக்கு. அவர்கள் பார்க்க வேண்டியது முதலில் கடன் கொடுத்தவர்களை. ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மறுபடியும் வசூல் செய்தார்கள், சில வாரங்களில் நாலரை லட்சம் பவுண்டுக்கு மேல் உறுதிமொழி திரண்டது. தாங்களே வாங்கி நடத்துகிறோம் என்றார்கள். 2018 ஜூனில் பாலம் தனியார் ஒருவருக்கு விற்கப்பட்டது. பக்கத்து ஊரான ஈஸ்ட்போர்ன் பாலத்தை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த ஹோட்டல் அதிபர் அவர். விலை 60,000 பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. நூறு கோடி ரூபாய் செலவில் எழுந்த பாலம், லண்டனில் ஒரு கார் நிறுத்தும் இடத்தின் விலைக்கு!

வாங்கியவரைத் திட்டுவது சுலபம். நான் திட்டப்போவதில்லை. விற்பனைக்கு வந்தது, வாங்கினார். நட்டத்தில் ஓடும் இடத்தைச் சொந்தக் காசில் நடத்துகிறவருக்கு அவர் கணக்கு இருக்கும். என் கேள்வி வேறு. இடத்தை மீட்டது ஊர்தான். வரையும்போது ஊரைக் கேட்டார்கள். பணம் திரட்டும்போது கேட்டார்கள். கைமாறும்போது கேட்க வேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை. தொடக்கத்தில் எழுதியிருக்க வேண்டிய வரி அது. நல்ல நாளில், எல்லோரும் சிரித்த முகமாக இருக்கும்போது, கெட்ட நாளுக்கான ஷரத்தை எழுதச் சொன்னால் அபசகுனம் என்று நினைப்பார்கள். கல்யாணத்தன்று விவாகரத்தைப் பேசுவதுபோல. அபசகுனத்துக்குப் பயந்தால் சாவி போய்விடும்.

எழுதி வைத்துப் பிழைத்த ஊரும் உண்டு. இங்கிலாந்தின் மேற்குக் கரையில் கிளீவ்டன் என்ற சிற்றூர். அங்கேயும் 1869-இல் திறந்த ஒரு பாலம். கைவிடப்பட்ட ரயில் தண்டவாளங்களை வாங்கி ஒட்டிக் கட்டியது; அதனால்தானோ என்னவோ, கொக்கின் கால்போல அத்தனை மெலிவு. 1970 அக்டோபர் 17 அன்று, காப்பீட்டுக்காகப் பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதிக்க, தளத்தின்மேல் தண்ணீர்த் தொட்டிகளை வைத்து நிரப்பினார்கள். நூறு வருடம் புயலுக்கு நின்ற பாலத்தின் இரண்டு கண்கள் அந்தச் சோதனையில் கடலில் விழுந்தன. பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கப் போய் உடைத்தார்கள்! நகராட்சி இடித்துவிடலாம் என்றது. ஊர் மறுத்தது. 1980-இல் பொது விசாரணை வரை போய், அரசவைக் கவிஞர் ஜான் பெட்ஜமன்கூட ஆதரித்துப் பேசி, கடைசியில் பாலம் தப்பியது. 1989-இல் மறுபடி மக்கள் நடந்தார்கள். முழு வேலையும் முடிய 1998 ஆனது. கணக்குப் பாருங்கள், விழுந்ததிலிருந்து 28 வருடம்.

இந்த நீண்ட காலத்தில்தான் அவர்களுக்கு நிதானம் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பாலத்தின் சொத்துரிமை உள்ளாட்சியிடமே இருக்கிறது. ஊர்க்காரர்களின் அறக்கட்டளை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. நாளை அறக்கட்டளை படுத்தாலும் பாலம் சந்தைக்கு வராது, உள்ளாட்சிக்குத் திரும்பும். அறக்கட்டளைக்கும் ஒரு பிடி, உள்ளாட்சிக்கும் ஒரு பிடி. இன்னொன்று, அங்கே நடக்கக் காசு. அந்தக் காலத்துச் சுங்கச் சாவடியில் சீட்டு வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். ஹேஸ்டிங்ஸ் சிறுவனைப்போல இலவசமாகப் படுத்திருக்க முடியாது.

இந்த இடத்தில் எனக்கு இரண்டு மனசு. பொது இடத்தில் டிக்கெட் வைத்தால் எனக்குக் கோபம் வரும். நம் ஊர்ப் பூங்காக்களில் வேலியும் டிக்கெட் கவுண்டரும் வந்தபோது எழுதிச் சண்டை போட்டவன் நான். கிளீவ்டனில் சீட்டு வாங்கும்போது அந்தக் கோபம் வரவில்லை. வசூலிக்கிறவர் ஊர்க்காரர், காசு போவது காலடி இரும்புக்கு. பலகைகளில் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். காசு கொடுத்துப் பெயர் பொறித்துக்கொண்டவை. ஒரு தாத்தாவின் நினைவாக, ஒரு திருமணத்தின் நினைவாக. நாம் கோவில் குழல்விளக்கில் உபயம் எழுதுவதைக் கேலி செய்வோம். வெளிச்சத்தை மறைக்காதவரை உபயத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று அங்கே நடக்கும்போது நினைத்துக்கொண்டேன். அந்தக் காசுதான் துருவைச் சுரண்டுகிறது.

மாணவர்களிடம் ஒன்று. நாளை உங்களில் சிலர் நகரமைப்பு அலுவலகங்களில் உட்காருவீர்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தின் அறிக்கையில் ‘எத்தனை பேர் கலந்துகொண்டனர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பிவிட்டு, பக்கத்தில் கையால் இன்னொரு கட்டம் போட்டு, ‘ஐந்தாம் வருடம் பூட்டுச் சாவி யாரிடம்’ என்று எழுதிப் பாருங்கள். மேலதிகாரி கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லலாம். எனக்கு ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கிறது, பயமில்லை.

ஹேஸ்டிங்ஸுக்கு இன்னொரு முறை போக வாய்த்தது, 2019 ஜனவரியில். குளிர்காலத்துக்குப் பாலத்தை மூடியிருந்தார்கள். கதவு பூட்டியிருந்தது. கம்பிகளுக்கு நடுவே பார்த்தால் ஈரமான தளம் நீண்டு கிடந்தது. தூரத்தில் அந்தக் கரி விளிம்புப் பலகைகள் போட்ட மையம். மழை சாரலாக விழுந்துகொண்டிருந்தது. கடற்கரைச் சாலையில் ஒரு பெரியவர் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்து வந்தார். கதவுக்கு நேராக வந்ததும் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சாலையோடு போகப் பார்த்தார். நாய் போகவில்லை. கழுத்துப் பட்டை இறுக, கதவுப் பக்கம் திரும்பி, முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு உள்ளே இழுத்தது.